முல்லைக்காரன் என்ற பெயர்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலம். ஆரையம்பதி, காத்தான்குடி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் அதில் நெருங்கிக் கிடக்கின்றன. சூரியன் எழும் பக்கம் ஆனதால் அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடும் பரந்த நிலம். சூரியன் படும் பக்கம், ஆகவே படுவான்கரை. வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரைக்கும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இந்தத் தண்ணீர் கிடக்கிறது. புத்தகத்தில் அது வாவி. எங்கள் வாயில் ஆறு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாரிகாலத்தில் யாராவது வந்து அப்பாவைக் கேட்டால் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான்: "அவர் ஆத்துக்கு அங்கால." வந்தவர் வேறு எதுவும் கேட்கமாட்டார். அப்பா முல்லைக்காரன் என்பது ஊருக்குத் தெரியும்.

இந்தச் சொல் மட்டக்களப்புக்கு வெளியே பலருக்குத் தெரியாது. முல்லை என்றதும் பூ நினைவுக்கு வரும். தமிழ் படித்தவருக்கு ஐந்திணை நினைவுக்கு வரும். எங்கள் பகுதியில் முல்லைக்காரன் என்றால் காணிக்காரரான போடியாருடைய வயலை ஒரு போகம் முழுவதும் பொறுப்பெடுத்துச் செய்கிறவன். காணி அவனுடையதல்ல. விதைநெல்லும் எருமையும் அவனுடையதல்ல. உழைப்பு அவனுடையது, அந்தப் போகத்தின் பொறுப்பும் அவனுடையது. நாள் வேலைக்கு வந்து பொழுதுபட்டதும் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனை எங்களூரில் கூலிக்காரன் என்பார்கள். முல்லைக்காரன் பொழுதுபட்டாலும் வயலில்தான் இருப்பான். இந்த வித்தியாசத்தை ஊரில் ஒருவரும் குழப்பிக்கொண்டதில்லை. குழப்பியது கடதாசிதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்பா செய்த வயல் உன்னிச்சைப் பக்கம் இருந்தது. புரட்டாசி பிறந்ததும் மண்வெட்டி, கத்தி, ஒரு போர்வை, அரிசி, மிளகாய், கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு தோணியில் ஆற்றைக் கடந்து போவார். முதல் வேலை வாடி போடுவது. காட்டுக்கம்பு நட்டு, மேலே வைக்கோலோ இலுக்கோ வேய்ந்து, கீழே கொஞ்சம் மண் உயர்த்தினால் வாடி முடிந்தது. நாலு மாதம் அதுதான் வீடு. பிறகு வரம்பு கட்டல், வக்கடை பார்த்தல், உழவு, பலகை அடித்து மட்டப்படுத்தல், விதைப்பு. எங்கள் பக்கத்தில் நாற்று நடுவது வழக்கமில்லை. கையால் வீசி விதைப்பதுதான். வீசுகிற கைக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் வெளித்துப் போனால் அந்தப் பிழை மாசி மாதம் வரைக்கும் வயலில் நின்று காட்டிக்கொடுக்கும் என்று அப்பா சொல்வார்.

பயிர் முளைத்தால் பகலில் தண்ணீர்க் கட்டு, இரவில் காவல். பன்றி வரும், யானை வரும். மரத்தில் பரண் கட்டி, தீ மூட்டி, தகரம் தட்டி, ஒரு வயலில் இருந்து அடுத்த வயலுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விடியும்வரை விழித்திருப்பார்கள். ஒரு வட்டையில், அதாவது ஒரே நீர்வழியில் பாயும் வயல்பரப்பில், பல போடிமாரின் முல்லைக்காரர் இருப்பார்கள். தண்ணீர் யாருக்கு எப்போது என்பதை வட்டவிதானை தீர்மானிப்பார். அவர் சொல்லை மீறி இரவில் வக்கடையைத் திறந்தவனை அடுத்த போகத்துக்கு எவரும் எடுக்கமாட்டார்கள்.

தை பிறந்தால் வெட்டு. தாக்கத்தியால் அரிந்து, உப்பட்டி கட்டி, களத்துக்குக் கொண்டுவந்து சூடு வைப்பார்கள். சூடு அடிப்பது இரவில். எருமைகளைச் சேர்த்துக் கட்டிச் சுற்றிச் சுற்றி மிதிக்கவிடுவார்கள். அந்தக் களத்தில் பேசும் மொழி வேறு. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது. பொலி என்றே சொல்ல வேண்டும். எருமை வாரிக்காலன் ஆகிவிடும். கூடை பெருவாயன். வழக்கமான பெயரைச் சொன்னால் பூதங்கள் கேட்டுக்கொண்டு வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. களத்துக்குள் செருப்போடு போகக்கூடாது, வீண்பேச்சுக் கூடாது. போடியார் களத்துக்கு வந்தாலும் அந்த மொழிக்குக் கட்டுப்பட்டுத்தான் பேசுவார். பகல் முழுவதும் அதிகாரம் அவருடையது. இரவுக் களத்தின் சட்டம் முல்லைக்காரனுக்கே நன்றாகத் தெரியும்.

இனிக் கணக்கு. முல்லைக்காரனுக்கு ஊதியம் நெல்லாகவே வரும், அதுவும் களத்தில்தான் அளப்பார்கள். ஆனால் புரட்டாசியில் இருந்து மாசி வரைக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே முன்கூட்டியே போடியாரிடம் நெல்லும் காசும் வாங்கியிருப்பான். பொலி தூற்றி மரைக்காலால் அளக்கும்போது முதலில் காணிக்குரிய நெல், பிறகு விதைநெல், பிறகு எருமைக்கு, பிறகு வாங்கிய கடனுக்கு. எல்லாம் கழிந்து குவியலின் அடியில் மிஞ்சுவதுதான் முல்லைக்காரனுக்கு. நல்ல விளைச்சல் என்றால் ஆடி வரைக்கும் சாப்பாடு. வெள்ளமோ வறட்சியோ வந்த வருடம் கடன் அடுத்த போகத்துக்குப் போகும். கடனோடு முல்லைக்காரனும் அதே போடியாரிடம் போவான். விலங்கு ஒன்றும் பூட்டவில்லை. விட்டுப்போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். கடன் தீராமல் போனவனுக்கு வேறு எந்தப் போடியார் வயல் கொடுப்பார்?

போடியார் என்பதும் எங்கள் பகுதிக்கே உரிய சொல்தான். போடி என்பது முன்பு குடித்தலைமையைக் குறித்த பட்டம். தமிழர் பெயர்களின் கடைசியிலும் முஸ்லிம்கள் பெயர்களின் கடைசியிலும் அது ஒட்டி வரும். பழைய காணி உறுதிகளைப் புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் போடிகள் இருப்பார்கள். காலம் போகப் போகப் பெருவயல் உடையவர் எல்லோரும் போடியார் ஆனார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1856ஆம் ஆண்டு தேசாதிபதி ஹென்றி வார்ட் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்த பிறகு, இடிந்து கிடந்த பழைய குளங்கள் இந்தப் பகுதியில் திருத்தப்பட்டன. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அந்தக் காலத்தில் திருத்தியவை. குளம் நிறைந்தால் காட்டை வெட்டி வயலாக்கலாம். காசுள்ளவர் முடிக்குரிய காணியை வாங்கினார்கள். காட்டை வெட்டியவர்களின் பெயர் அந்த உறுதிகளில் இல்லை.

காணி யாருக்குப் போகும் என்பதிலும் எங்கள் பகுதி தனி வழக்கம் உடையது. தாய்வழிச் சொத்துரிமை இங்கே ஆழமாக வேரூன்றியது. பிரிட்டோ என்பவர் 1876இல் முக்குவர் சட்டம் பற்றித் தனி நூலே எழுதினார். இன்றைக்கும் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போவான். போடியார் வீட்டில் வயலும் சீதனமாக மகளுக்குப் போகும். முல்லைக்காரன் வீட்டில் கொடுக்க வயல் இல்லை. ஆனாலும் அந்தச் சின்ன மண்வீடும் நாலு தென்னையும் மகளுக்குத்தான். அம்மாவின் வீடு அம்மாவுடையது. பக்கத்து வளவில் பெரியம்மா, அதற்கு அடுத்ததில் சின்னம்மா, நடுவில் பெத்தா. அப்பா அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், மாரிதோறும் அங்கிருந்து போகிறவர்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. முல்லைக்காரன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடை இந்த வீட்டில் இருக்கிறது.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். ஒவ்வொரு வருடமும் ஐந்திணையைக் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதுவேன். முல்லைக்கு நிலம் காடும் காடு சார்ந்த இடமும். பெரும்பொழுது கார். சிறுபொழுது மாலை. மக்கள் ஆயர். உரிப்பொருள் இருத்தல்: போன தலைவன் திரும்பி வரும்வரை தலைவி வீட்டில் ஆற்றியிருத்தல். ஒரு நாள் இந்தக் கட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் வீடு அதற்குள் அப்படியே இருப்பதைக் கண்டேன்.

படுவான்கரை வயல்கள் காட்டை வெட்டி எடுத்த வயல்கள். இன்றைக்கும் பல வட்டைகளின் மேற்கு எல்லை காடுதான். மருதம் என்று சொல்லத்தக்க பழைய ஊர்சூழ்ந்த வயல் அல்ல அது. ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போகிறவன் காட்டு ஓரத்துக்கு, மாட்டுப்பட்டிகளுக்கும் எருமைப்பட்டிகளுக்கும் நடுவில் இருக்கப் போகிறான். அப்படிப் போகிறவனை முல்லைக்குரியவன் என்ற பொருளில் முல்லைக்காரன் என்று அழைப்பது இயல்பு. காலக் கணக்கில் ஒரு சின்ன இடறல் உண்டு. இலக்கணத்தில் கார் ஆவணியும் புரட்டாசியும், எங்கள் பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். ஆனால் வானம் பார்த்துப் புறப்படும் காலம் புரட்டாசிதான். காத்திருப்பைப் பற்றி நான் ஒன்றும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. மழை இருட்டும் பின்னேரங்களில் அம்மாவும் பெரியம்மாவும் திண்ணையில் பன்பாய் இழைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கமே பார்த்திருப்பார்கள். எழுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் நாலு மாதம் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். திணை இலக்கணம் எழுதியவர் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. அவர் பார்த்த வாழ்க்கையின் ஒரு துண்டு எங்கள் ஊரில் தங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு வழியும் சொல்லலாம். முன்னிலைக்காரன் என்ற சொல் பேச்சில் தேய்ந்து முல்லைக்காரன் ஆகியிருக்கலாம். போடியார் இல்லாத இடத்தில் அவர் சார்பில் முன் நிற்கிறவன் என்ற பொருள் வேலைக்குப் பொருந்துகிறது. ஒலியும் அப்படித் தேயக்கூடியதுதான். ஆனால் முன்னிலைக்காரன் என்று முழுதாகச் சொல்லி எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. தேய்ந்த சொல்லுக்குப் பக்கத்தில் தேயாத வடிவம் எங்காவது கிழவர் வாயில் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அதனால் என் மனம் காட்டுப் பக்கமே சாய்கிறது.

சொல்லின் பின்பாதிக்கும் கவனம் கொடுக்க வேண்டும். தஞ்சாவூரில் இதே போன்ற உழைப்பாளியைப் பண்ணையாள் என்றார்கள். படியளந்து வேலை வாங்கியதால் படியாள் என்றும் சொன்னார்கள். இரண்டிலும் 'ஆள்' இருக்கிறது. பண்ணையின் ஆள், படிக்கு ஆள். அவன் யாருக்கோ ஆள். எங்கள் சொல்லில் 'காரன்' இருக்கிறது. தோணிக்காரன், கடைக்காரன், காவல்காரன் என்பதுபோல ஒரு பொருளோடோ இடத்தோடோ தொழிலோடோ ஒருவனைச் சேர்க்கிற விகுதி. முல்லைக்காரன் என்ற பெயருக்குள் போடியார் இல்லை. நிலம் இருக்கிறது, அவன் இருக்கிறான். வாழ்க்கையில் கடன் அவனைப் போடியாரோடு கட்டிவைத்தது உண்மை. பெயர் வைத்தவர்கள் அவனைக் கட்டிவைக்கவில்லை.

சோழர் கல்வெட்டுகளில் நிலத்தைக் கோயிலுக்குத் தானம் கொடுக்கும்போது ஒரு விவரம் குறிப்பார்கள்: குடி நீக்கிய தேவதானமா, குடி நீங்காத் தேவதானமா. நிலம் கைமாறும்போது அதை உழுதுகொண்டிருக்கும் குடிகள் வெளியேற வேண்டுமா, இருந்தபடியே இருப்பார்களா என்பதுதான் அதன் பொருள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தக் கேள்வி கல்லில் வெட்டும் அளவுக்கு முக்கியமாக இருந்தது. கேள்விக்குள் சிக்கியவர்களின் விருப்பத்தைக் கல்லில் வெட்டவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்; அங்கேயே, கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதும் நெல்லுக்கூலி கேட்ட சண்டையின் முடிவில்தான்.

உழுகிறவனின் பெயர் கெட்டுப்போவது உலகத்தில் பல இடங்களில் நடந்திருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் பிரபுவின் நிலத்தில் கட்டுண்டு உழுதவனை ஆங்கிலத்தில் 'வில்லின்' என்றார்கள். வில்லா என்ற பண்ணைவீட்டைச் சேர்ந்தவன் என்று பொருள். மேட்டுக்குடியினர் அந்தச் சொல்லை நாகரிகமற்றவன் என்றும் பிறகு கெட்டவன் என்றும் வளைத்தார்கள். நம்முடைய சினிமாவில் கதாநாயகனிடம் அடிவாங்கும் வில்லன் அந்த வழியில் வந்தவன்தான். ஏழை உழவனின் பெயர் அயோக்கியனின் பெயராக மாறித் தமிழுக்கும் வந்துவிட்டது. முல்லைக்காரன் என்ற பெயருக்கு அந்தக் கதி வரவில்லை. ஊரில் மரியாதையாகச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் முல்லைக்காரர் என்பார்கள்.

இங்கே கடதாசிக்கு வருகிறேன். என் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: கூலி. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்மேல் கோபமும் இல்லை. அவருடைய படிவத்துக்குத் தெரிந்த தொழில்களில் முல்லைக்காரன் இல்லை. கமக்காரன் என்று எழுத எங்களுக்குக் காணி இல்லை. என்னோடு படித்த எத்தனையோ பிள்ளைகளின் சான்றிதழிலும் அதுவே. ஒரு போகத்தின் விதைப்பு முதல் களம் வரை தலையில் சுமந்தவனும் சந்தியில் நின்று மூட்டை தூக்கியவனும் அந்தச் சொல்லில் ஒன்றானார்கள். இது மானப் பிரச்சினை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். இதில் உரிமை போயிற்று.

1958இல் அமைச்சர் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சிங்களப் பகுதிகளில் 'அந்தே' முறையில் விளைச்சலின் பாதியைக் காணிக்காரருக்குக் கொடுத்துவந்த குடிகளை மனதில் வைத்துச் செய்த சட்டம் அது. காணிக்காரருக்கு விளைச்சலில் கால் பங்கு அல்லது ஏக்கருக்கு 12 புசல், எது குறைவோ அதுதான் கொடுக்க வேண்டும் என்றது. குடியை நினைத்தபடி எழுப்பக்கூடாது, அவனுக்குப் பிறகு அவன் வாரிசுக்கும் உரிமை உண்டு என்றது. பயிர்செய்பவர் யார் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். உழவு, விதைப்பு, அறுவடை ஆகிய மூன்றில் இரண்டையேனும் தானோ தன் குடும்பத்தவரோ செய்ய வேண்டும். போகந்தோறும் பயிரைப் பராமரிக்கவோ காவல் காக்கவோ வேண்டும்.

என் அப்பா மூன்றையும் செய்தார். காவலும் இருந்தார். அந்த வரிகளைப் படிக்கும்போது வாடியில் இருந்த ஒருவரைப் பார்த்து எழுதியதுபோல எனக்கு இருக்கும். ஆனாலும் அந்தப் பாதுகாப்பு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. குடி என்று நிற்க, காணியைத் தன்னிடம் விட்டதாக ஓர் ஒப்பந்தம், குறைந்தது ஒரு சாட்சியாவது வேண்டும். விதைநெல்லும் எருமையும் போடியாருடையவை. கொடுத்த நெல் கூலி என்று போடியார் சொன்னால், ஆமாம், உன் தொழில் கூலி என்றுதானே உன் பிள்ளையின் சான்றிதழும் சொல்கிறது? தெற்கே உரிமை கேட்ட பல்லாயிரம் குடிகளைக் காணிக்காரர் எழுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எழுப்பவே தேவைப்படவில்லை. போகம் முடிந்ததும் முல்லைக்காரன் தானாகவே வாடியைப் பிரித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்துவிடுவான். அடுத்த புரட்டாசியில் கூப்பிடாவிட்டால் முடிந்தது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து ஒருவருக்கு 25 ஏக்கர் நெற்காணி என்று உச்சவரம்பு வைத்தது. பிள்ளைகளின் பெயரில் ஏற்கெனவே பிரிந்து கிடந்த காணியை அது தொடவில்லை.

போடிமாரில் நல்லவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருந்தார்கள். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது அப்பாவின் வாடி முதல் காற்றிலேயே போய்விட்டது. ஒரு மருத மரத்தடியில் இன்னும் இரண்டு முல்லைக்காரரோடு கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தார்கள். ஆறு வெள்ளமாகக் கிடந்ததால் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி எங்களுக்கு வரச் சில நாட்கள் ஆயின. அந்தப் போகத்துக் கடனைப் போடியார் கேட்கவில்லை. கலியாணம், சாவு என்றால் எங்கள் வளவுக்கு முதலில் வந்து நிற்பவரும் அவர்தான். அம்மா அவரைப் பற்றி ஒரு குறைசொல் சொல்லமாட்டா. நானும் சொல்லவில்லை. அவர் கடனை விட்டது அவருடைய மனம். சட்டப்படி அப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அவருடைய மனத்தை நம்பி இருந்திருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, அந்தக் காலத்தில் போடியாரும் முல்லைக்காரனும் தகப்பனும் பிள்ளையுமாக வாழ்ந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் பகுதியின் பேச்சையும் பாட்டையும் சடங்கையும் பதிந்த நூல்கள் குறைவல்ல. தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவிகளைத் தொகுத்தார், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. நீலாவணன் வேளாண்மை என்ற பெயரிலேயே காவியம் எழுதினார். எங்களுக்கு வேளாண்மை என்றால் நெற்பயிர்தான். அவர்களுக்கெல்லாம் நான் கடமைப்பட்டவள். இப்போது தேவைப்படுவது வேறு வகைப் பதிவு: எந்த வட்டையில், எந்தக் காலத்தில், யார் முல்லைக்காரராக இருந்தார்கள், களத்தில் என்ன அளந்தார்கள் என்ற பதிவு. ஊரில் பழைய கணக்குக் கொப்பிகள் சில இன்னும் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் போடிமாரின் பேரப்பிள்ளைகள். கேட்டால் காட்டுகிறார்கள், வெட்கப்படாமல் காட்டுகிறார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி. ஒரு கொப்பியில் ஒருவரின் பெயருக்குக் கீழே வாங்கிய நெல், மிளகாய், சீலை, பிள்ளைப்பேற்றுச் செலவு எல்லாம் வரிவரியாக எழுதியிருந்தது. அந்த மனிதரின் ஒரு வருட வாழ்க்கை வேறு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

போர் வந்தது. 1990க்குப் பிறகு படுவான்கரை ஒரு கையில், எழுவான்கரை இன்னொரு கையில். ஆற்றைக் கடப்பது சோதனைச் சாவடியைக் கடப்பது ஆனது. உரப்பையும் பற்றரியும் எண்ணிப் பார்த்துத்தான் விடுவார்கள். போடிமார் பலர் அங்கால போவதை நிறுத்தினார்கள். முல்லைக்காரர் போனார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. வயல்களைக் காடாகாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான் என்பதை எந்த இழப்பீட்டுப் படிவமும் கேட்கவில்லை. 2007இல் படுவான்கரை மக்கள் மொத்தமாக இடம்பெயர்ந்து இந்தக் கரைக்கு வந்து கூடாரங்களில் கிடந்தார்கள். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

2014இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். இப்போது கொக்கட்டிச்சோலைக்கு மோட்டார் சைக்கிளில் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். வெட்டு மெசின் வந்து, பல நாள் வேலையைச் சில மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போகிறது. உப்பட்டி கட்டத் தெரிந்த இளம்பிள்ளைகள் இல்லை. களம் இல்லாததால் களத்து மொழியும் இல்லை. ஆனால் யானை இருக்கிறது. தண்ணீர்ச் சண்டை இருக்கிறது. காணிக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் வயல்களில் இரவில் வாடியில் படுக்க ஒருவன் தேவைப்படுகிறான். அவனை இப்போதும் முல்லைக்காரன் என்றுதான் சொல்கிறார்கள்.

அவனுக்கு ஒரு புதுச் சிக்கல். கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் பெயர் இருந்தால்தான் உர மானியம், பயிர் அழிவுக்கு நட்டஈடு எல்லாம். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து விளைச்சல் விழுந்தபோது, கடன்பட்டுப் பயிர் செய்த முல்லைக்காரர் சிலரை நான் சந்தித்தேன். இடாப்பில் காணிக்காரரின் பெயர் இருந்தது. அவர்களில் ஒருவர், என் தம்பி வயதுக்காரர், "டீச்சர், விண்ணப்பத்தில தொழில் என்னெண்டு போட?" என்று கேட்டார். முல்லைக்காரன் என்று போடச் சொன்னேன். அடைப்புக்குறிக்குள் "மற்றவருடைய நெற்காணியில் போகம் முழுவதும் பொறுப்பாகப் பயிர்செய்பவர்" என்று சேர்த்து எழுதிக்கொடுத்தேன். அவர் கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். கருமபீடத்தில் இருந்தவர் ஒரு தரம் படித்துவிட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாராம். விடை இன்னும் வரவில்லை. அடுத்த விண்ணப்பங்களிலும் அப்படியே எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.